நட்டவர்களுக்கும் பிடுங்காமல் விட்டவர்களுக்கும்

அன்புள்ள ஊர்ச் சனங்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு விதையும் காசும் அனுப்பிய சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

கன்னடியன் கால்வாய்க் கரையோரம் நம் கோயில் நந்தவனம் 2022 வரைக்கும் எந்த லட்சணத்தில் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் இடிந்து, கிணறு தூர்ந்து, சீமைக் கருவேலமும் காலி பாட்டிலுமாக இருந்த இடம். இப்போது காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் நம் பேச்சுக்கு மேலே தேனீ இரைச்சல் கேட்கிறது. கைகொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. பேர் போடக் கூடாது என்று பலரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். “பேரு போட்டா அடுத்த வசூலுக்கும் நேரா எங்கிட்டத்தான வருவீரு” என்றார் ஓர் அண்ணாச்சி. நியாயம்தான். அதனால் காரியத்தை மட்டும் சொல்கிறேன், ஆள் யாரென்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் வழக்கமான நன்றிகள். டீசல் காசை மட்டும் வாங்கிக்கொண்டு ஜேசிபி ஓட்டிக் கருவேலத்தை வேரோடு பெயர்த்துக் கொடுத்தவருக்கு, கிணற்றைத் தூர்வாரிய கூலியில் பாதியை விட்டுக்கொடுத்தவர்களுக்கு, துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேலிக்குப் பணம் போட்டவர்களுக்கு, வேலை நடந்த நாளெல்லாம் டீயும் வடையும் உபயம் செய்த கடைக்காரருக்கு. இவர்கள் இல்லாமல் கதவே திறந்திருக்காது. சரி, அதற்கு அப்புறம் நடந்ததில் பாதிக்கு மேல் வேறு மாதிரி உதவி. வெட்டாமல், கூட்டாமல், கொளுத்தாமல், மருந்தடிக்காமல் விட்டவர்கள் செய்த உதவி. சும்மா இருந்தவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. அதனால் அவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. கால்வாய்த் தண்ணீர் நந்தவனத்துக்குள் ஏறி, நூல் பிடித்து நட்ட பாத்தியெல்லாம் வண்டலுக்கு அடியில் போய்விட்டது. தை பிறந்து வண்டல் காய்ந்தபோது பார்த்தால், நடாத செடியெல்லாம் முளைத்து நிற்கிறது. தும்பை, நாயுருவி, மூக்கிரட்டை, அப்புறம் முழங்காலுக்கு மேலே தேள்கொடுக்கு.

துப்புரவு செய்ய வந்த நூறு நாள் வேலை அக்காமார் தேள்கொடுக்கைப் பிடுங்கி வேலியோரம் குவித்துப் போட்டார்கள். ஒரு வெயிலில் அது வாடிச் சுருண்டது. மறுநாள் காலையில் குவியலே தெரியவில்லை, நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. காலால் காய்ந்த இலையைச் சுரண்டுவதும், சுருட்டி வைத்திருந்த உறிஞ்சியை நீட்டித் துழாவுவதுமாக அத்தனை மும்முரம். பக்கத்தில் ஆள் நடந்தாலும் எழுந்து போகவில்லை. தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் இருக்கும் ஒருவகை ஆல்கலாய்டு ஆண் பூச்சிக்கு வேண்டும். பெண்ணை இழுக்கும் வாசனையை அதை வைத்துத்தான் தயாரிக்கிறது. பறவை வாயில் போட்டால் துப்புகிற அளவுக்கு உடம்பையும் கசப்பாக்கிக்கொள்கிறது. அதற்குப் பச்சைச் செடியைவிட வாடிய செடிதான் உகந்தது.

இதை நாங்கள் நோட்டீஸ் அடித்துச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். குவியலைப் பார்த்த மூத்த அக்கா, “ஏ தாயீ, இத இப்படியே விட்டுருங்க, இதுக்கும் ஒரு சோலி இருக்கு” என்றார். அன்றையிலிருந்து வடக்குச் சுவரோரம் ஒரு பட்டை நிலம் கைபடாமல் கிடக்கிறது. மற்ற இடத்தில் களை எடுத்தாலும் தும்பையைச் சுற்றித்தான் எடுக்கிறார்கள். செடி பேரும் எங்களைவிட அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆடுதீண்டாப்பாளை வேண்டும் என்று நாங்கள் நர்சரி நர்சரியாக அலைந்துகொண்டிருந்தபோது, மானூர்ப் பக்கம் கரிசல் காட்டில் கிடக்கும் என்று சொல்லி, உறவுக்காரர் மூலம் வேரோடு வரவழைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. அந்தச் செடியின் குடும்பத்தை விட்டால் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சி முட்டையிட வேறு இடம் கிடையாது. அக்காமாருக்குக் கோடி நன்றி.

கோயில் பட்டருக்கு நன்றி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அவருக்கு நாங்கள் கொடுத்தது தொல்லைதான். பழைய நந்தவனத்தில் மிஞ்சியிருந்தது இரண்டு வில்வமும் ஒரு வரிசை அரளியும் நந்தியாவட்டையும். வில்வம் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை அழகி அதன் தளிரைத் தேடி வந்து முட்டையிடும். புழு சின்னதில் பறவை எச்சம் போலக் கிடக்கும், வளர்ந்தால் இலைப் பச்சை. விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. பட்டருக்கோ அர்ச்சனைக்குப் பறித்த இலையெல்லாம் ஓட்டை. மருந்தடிக்கச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனோம். மதிலோரத்து மரம் சுவாமிக்கு, கிணற்றடி மரம் புழுவுக்கு என்று அவரே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். மதிலோரத்து மரத்தில் ஏறும் புழுவையும் நசுக்காமல் ஓர் இலையோடு கிள்ளி எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து விடுகிறார் என்பதை அவர் வீட்டு மாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அரளி இலைக்கு அடியில் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு தொங்குவதை இதுவரை பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். ஜிமிக்கி மாதிரி மினுங்குகிறது. அதை வீட்டுக்குப் பறித்துக்கொண்டு போகாத பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டிய சருகைக் கொளுத்துவதுதான் அவர்களுக்குச் சுலபம், எல்லா இடத்திலும் அதுதான் நடக்கிறது. இங்கே மட்டும் சருகை மரத்தடியிலேயே தள்ளிவிடச் சொன்னோம். கிழக்கே கொஞ்சம் மண்ணைத் துப்புரவாக வெறுமனே விடவும் சொன்னோம், தனித்து வாழும் தேனீக்களில் பலவும் மண்ணில்தான் வளை தோண்டுகின்றன. ஒரு பக்கம் சருகு, ஒரு பக்கம் பொட்டல் என்றால் பார்ப்பவர்கள் அவர்களைத்தான் வைவார்கள். வைதார்கள். “என்னவே, நந்தவனம்னு சொல்லிட்டு குப்பையல்லா வச்சிருக்கீரு” என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குரல் கேட்கும். அந்தப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி ஒரு கசப்பான விஷயம். பக்கத்து வயலில் பூத்திருந்த எள்ளுக்கு ஒருநாள் காலையில் மருந்து அடித்தார்கள். மதியம் சுவர்ப் பொந்தில் இருந்த அடுக்குத் தேனீக்கள் பொந்துக்கு முன்னால் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தன. நானே கோபத்தில் நாலு வார்த்தை பேசப் போனேன். வயல்காரர் வந்து குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்கு அப்புறம் அவர் பூத்த பயிருக்கு மருந்து அடிப்பதே இல்லை. தவிர்க்க முடியாவிட்டால் தேனீ அடங்கிய பிறகு பொழுது சாய அடிக்கிறார். அடுத்த வயல்காரரிடமும் அவரே பேசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் பேரைச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்த மடலில் முதல் நன்றி அவருக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று குழுவில் ஒரு கட்சி இருக்கிறது.

பழைய வீட்டை இடித்தபோது பனை உத்தரங்களை விறகுக்கு விற்காமல் இங்கே கொண்டுவந்து போட்டவருக்கு அடுத்த நன்றி. அந்தக் கட்டையில்தான் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீ ஓட்டை போட்டுக் குடியிருக்கிறது. அதனால் என்ன லாபம் என்று கேட்டவர்களுக்குப் பள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடிதான் பதில். கத்தரிப் பூவில் மகரந்தம் பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வரும். பெட்டித் தேனீக்கு அதைக் கறக்கத் தெரியாது. கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இது அதைவிடக் கீச்சென்று இருக்கும். அந்த அதிர்வில் மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டும். ஆவாரம்பூவுக்கும் இதே கதைதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே வண்டு பறக்கிறதா பூவைக் குலுக்குகிறதா என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களை வெயிலில் நிற்க விட்ட டீச்சருக்கும் நன்றி.

மார்த்தாண்டத்திலிருந்து வந்த தேனீக்காரத் தாத்தாவிடம் நாங்கள் பெட்டி கேட்டோம். அவர் தரவில்லை! 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்று தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானதைப் பார்த்தவர் அவர். தை, மாசியில் ரப்பர் தோட்டத்தில் தேன் வடியும்போது பெட்டி நிறையும், மழைக்காலத்தில் பூ இல்லாமல் சீனிப்பாகு கரைத்து ஊற்றி உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கைச் சொன்னார். “வருசம் பூரா பூ இருக்கட்டும், அதுவா வரும்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்படிதான் நட்டோம். பங்குனி, சித்திரைக்கு வேம்பும் புங்கையும். மழை முடிந்தால் தும்பை. ஆனி, ஆடிக் காற்றில் எல்லாம் காய்கிற சமயத்துக்கு எருக்கு, ஆவாரை, துளசி. எருக்கை வெட்டச் சொல்லி இன்னமும் சிலர் சொல்கிறார்கள். வெந்தய வரியன் புழுவுக்கு அதுதான் சாப்பாடு, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வடக்குத் தெரு ஆச்சிக்கு ஒரு நன்றி. பீர்க்கு அந்தியில் பூக்கும், சுரையும் புடலையும் இருட்டில் பூக்கும், அதுகளுக்கு ராப்பூச்சி வர வேண்டும், இப்படி விடிய விடிய லைட்டைப் போட்டால் எப்படி வரும் என்று கேட்டது அவர்தான். ஊராட்சியில் சொல்லி நந்தவனத்துப் பக்கம் அடித்த விளக்கைத் தெருப் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆசையாகச் செடி கொண்டுவந்தவர்களில் சிலருக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன். அடுக்குச் செம்பருத்தியையும் கலர் கலரான நர்சரிச் செடிகளையும் நாங்கள் கோயில் முகப்பில்தான் வைத்தோம், உள்ளே வைக்கவில்லை. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள் எல்லாம் இதழாக மாறிவிடுகிறது, பூச்சிக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நம் கண்ணுக்கு அழகு, முகப்புக்கும் அழகு, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சி ஆக்கிய தமிழ் மறவன் வந்துவிட்டதா என்று போனில் கேட்பவர்கள் நிறைய. அது மலைக்காட்டுப் பூச்சி. நீரடிமுத்து மரத்தில் வளர்வது. நம் சமவெளிக்கு அதைக் கூப்பிடுவது நியாயமில்லை. பாபநாசம் மேலே போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆவாரை, தும்பை, கிலுகிலுப்பை விதையும் நொச்சிப் போத்தும் வேண்டுபவர்கள் காலையில் பால் சொசைட்டியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். வெள்ளத்தின்போது வண்டல் அள்ள ஆளாளுக்குக் கொண்டுவந்த சாமான்களில் இரண்டு கடப்பாரை, ஓர் இரும்புச் சட்டி, அடியில் ஆங்கில எழுத்து வெட்டிய ஓர் அலுமினிய அண்டா இன்னும் எங்களிடமே இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துப் போகவும். அண்டாவுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் உரிமை கோரியிருக்கிறார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நந்தவனக் குழு சார்பாக,
கணக்கு எழுதுகிறவன்