எதிர்வீட்டுப் பெரியவருக்கும், மற்ற எல்லாருக்கும்

டெக்சஸில் பிளேனோ பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். இந்த 2021 பிப்ரவரி எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பனிப்புயலில் கரண்ட் போய் எல்லாரும் அதே குளிரில்தான் கிடந்தோம்.

பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் படுக்க வைத்தவர்கள், கேஸ் அடுப்பு உள்ள வீட்டிலிருந்து சுடச்சுட ரசம் கொண்டுவந்தவர்கள், "கிரில்லை உள்ளே பற்றவைக்காதீங்க, கராஜில் காரை ஓடவிடாதீங்க, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது" என்று நடுராத்திரியிலும் வாட்ஸப்பில் கத்திய அக்கா, எல்லாருக்கும் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது எதிர்வீட்டுப் பெரியவருக்காக. மினசோட்டாவில் வளர்ந்தவர். இத்தனை வருஷமாகப் பார்த்தால் கையசைப்போம், அதோடு சரி. 13ஆம் தேதி சனிக்கிழமை அவராகவே வந்தார், கையில் இரண்டு பழைய சாக்ஸ், ஒரு நீளமான டி வடிவ இரும்புக் கம்பி. வெளிக்குழாய்களுக்குச் சாக்ஸை மாட்டி, மேலே பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். உள்ளே குழாய்களைச் சொட்ட விடு, சிங்க் அடியில் கதவைத் திறந்து வை என்றார். அப்புறம் தெருவோரம் மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போய், மூடியைத் தூக்கி, மண்ணைக் கையால் வழித்துப் போட்டுவிட்டுக் கம்பியை என்னிடம் நீட்டினார். "நீ திருப்பு." வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வை மூன்று தடவை மூடித் திறக்க வைத்தார். டெக்சஸில் இதெல்லாம் எதற்கு என்று உள்ளுக்குள் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். இங்கே வீடு கட்டுவதே வெயிலை மனதில் வைத்துத்தான், என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் கூரைக்கடியில் ஓடுகிறது. உள்ளே தண்ணீர் உறைந்து விரியும்போது குழாய் பிளக்கும், ஆனால் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருப்பதால் உருகும் வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் வந்து, வீடு சூடாகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரில் காபி போட்டு வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஹாலில் கொட்டியது. செருப்புகூடப் போடாமல் கம்பியோடு ஓடினேன். இருட்டு, கால் விறைக்கிறது, ஆனால் கைக்கு வழி தெரிந்திருந்தது. சீலிங்கில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறை, அவ்வளவுதான்.

நவம்பருக்குள் மேலே இருக்கிற குழாய்க்கெல்லாம் உறை போட்டுவிடுவேன். தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே திருப்பச் சொல்வேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

நேற்று கம்பியையும் சாக்ஸையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாக்ஸைப் பார்த்ததும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது, மார்ச் முடியாமல் யார் கழற்றச் சொன்னது என்று. மறுபடி மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.