சோதனை அவரவர் விருப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மாமனாருக்கு ஹன்டிங்டன் நோய். மூளை நரம்பணுக்கள் மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய் அது. கை, கால் தானாக ஆடியதைப் பார்த்து, குடித்திருக்கிறார் என்றுதான் ஊரில் பேசினார்கள். இப்போது சொந்தக்காரர்கள், “ரத்தச் சோதனை எடுத்தால் உனக்கும் வருமா என்று தெரிந்துவிடுமே, ஏன் எடுக்கவில்லை?” என்று என் கணவரை நச்சரிக்கிறார்கள். தெரியும்தான். இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. ஆனால் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லையே! என் நாத்தனார் சோதித்துக்கொண்டார், இவர் வேண்டாம் என்கிறார். இரண்டுமே நியாயம். அறிகுறியில்லாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் தயவுசெய்து இதற்கு இழுக்காதீர்கள். அப்புறம், சோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச, ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் ஒரு மரபணு ஆலோசகராவது வேண்டும்.

ஒரு வாசகி,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்