நாலு பட்டை பெல்ட்டைக் கழற்று மாப்ள

காளவாசல், மதுரை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. பாப்பா பிளஸ் டூ பாஸானதை எங்களுக்குச் சொல்லவே இல்லை என்று வீட்டில் ஒரே கோபம். அதை நீயே போன் பண்ணிச் சமாளி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் பட்டறையில் ஸ்பானரைத் தொட்டால் கை பொசுங்குகிறது.

சரி, உன் ஸ்விஃப்ட் கார் கதைக்கு வருகிறேன். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் டிராக் டே, நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் ஹார்னஸ் என்கிற நாலு பட்டை ரேஸ் பெல்ட்டை வாங்கி, தோள் பட்டைகளைப் பின்சீட்டுக்குக் கீழே இருக்கிற பெல்ட் போல்ட்டில் மாட்டிவிட்டேன் என்கிறாயே, அதை முதலில் கழற்று.

இதே கூத்தை என் பழைய எஸ்டீம் காரில் நானும் பண்ணினேன். காரின் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, நாலணா அகல வாஷர் வைத்து முடுக்கிவிட்டு, மேலூர் ரோட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். தோள் பட்டை இழுத்த இழுப்பில் பக்கிள் மேலேறி, இடுப்பெலும்பில் கிடக்க வேண்டிய பட்டை தொப்புளுக்கு வந்துவிட்டது. மோதும்போது இப்படி ஏறினால் உடம்பு அடியில் வழுக்கிப் போகும், பட்டை குடலை நசுக்கும். அதைத் தடுக்கத்தான் தொடை நடுவே ஐந்தாவது, ஆறாவது பட்டை வைக்கிறார்கள். அன்று சாயங்காலம் கழற்றிப் பார்த்தால், வாஷரைச் சுற்றித் தகடு லேசாக உப்பியிருந்தது. வெறும் பிரேக்குக்கே! உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் பட்டை மாட்டுகிற இடத்துக்குக் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 3 மில்லிமீட்டர் கனத்தில் பிளேட் கேட்கிறார்கள். என் வாஷர் எங்கே, அது எங்கே.

உன் போட்டோவில் எனக்குப் பயம் தருவது தோள் பட்டை போகிற சாய்வுதான். தோளிலிருந்து கிட்டத்தட்ட மட்டமாகப் பின்னால் போக வேண்டும், 20 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. உன்னுடையது செங்குத்தாகத் தரைக்கு இறங்குகிறது. மோதினால் முதுகெலும்பைக் கீழே அமுக்கிவிடும். மட்டமாகப் போக வேண்டுமென்றால் சீட்டுக்குப் பின்னால் பட்டையை மாட்ட ஒரு குறுக்குக் குழாய் வேண்டும், பட்டை நுழைய ஓட்டை உள்ள பக்கெட் சீட், அதாவது ரேஸ் சீட் வேண்டும். கார் கவிழ்ந்து கூரை இறங்கினால், காரோடு வருகிற கம்பெனி பெல்ட்டில் உடம்பு கொஞ்சம் பக்கவாட்டில் சாயும். ஹார்னஸ் நிமிர்த்தியே பிடித்திருக்கும், கழுத்துதான் தாங்க வேண்டும். அதற்காகக் கூரையைத் தாங்க, ரோல் கேஜ் என்கிற குழாய்க் கூண்டு வேண்டும். கேஜ் போட்டுவிட்டு ஹெல்மெட் இல்லாமல் காய்கறி வாங்கப் போனால், யாராவது பின்னால் இடித்ததும் மண்டை அந்தக் குழாயில்தான் மோதும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது வருகிறது, பார்த்தாயா?

இத்தனையும் செய்து உடம்பைக் கட்டிப்போட்டாலும் தலையை யார் பிடிப்பது? 2001-ல் அமெரிக்காவின் டேட்டோனா டிராக்கில் ரேஸ் வீரர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தது மண்டையின் அடி எலும்பு உடைந்துதான். ஹான்ஸ் என்கிற கழுத்துக் காப்பு அவர் போட்டிருக்கவில்லை. அந்த வருஷமே அவர் ஓட்டிய நாஸ்கார் பந்தயத்தில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை ஓட்டுகிற உனக்கு கம்பெனி பெல்ட்டே போதும். ஏர்பேக்கும் அதைக் கணக்கில் வைத்துத்தான் செய்திருக்கிறது. சீட்டில் உடம்பு ஆடினால், சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி பெல்ட் போடு, பட்டையைச் சட்டென்று சுண்டி இழுத்து லாக் ஆக வை, அப்புறம் சீட்டை முன்னால் நகர்த்து. இறுக்கமாகிவிடும். சீட் 'டக்'கென்று பல்லில் உட்கார்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள். மிச்சக் காசில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்கு.

அந்த ஹார்னஸ் செகண்ட்ஹேண்ட் என்றாயே, லேபிளில் எந்த வருஷம் வரை என்று போட்டிருக்கிறது? எஃப்ஐஏ பட்டைக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான். தேதி தாண்டியிருந்தால் விற்றுவிடாதே, வெட்டிப் போடு.

டிராக் டே தேதியை எழுது. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக விடிகாலையில் கிளம்பி வந்துவிடுகிறேன். நட்டை அளவான இறுக்கத்துக்கு முடுக்குகிற டார்க் ரெஞ்ச் கொண்டுவருகிறேன், வீல் நட்டெல்லாம் நான்தான் முடுக்குவேன்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்