உயிருள்ள தூளுக்குத் தகரக் கொட்டகையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காண்டாமிருக வண்டுக்குத் தென்னங்குருத்தில் மருந்து வைப்பதை நிறுத்திவிட்டு, அதன் புழுக்கள் வளரும் எருக்குழியில், அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தின் தூளைப் போட்டுவரும் விவசாயி நான். முதல்முறை போட்டு மூன்று வாரம் கழித்துக் குழியைக் கிளறியபோது, கட்டைவிரல் பருமனுள்ள புழுக்கள் சுருண்டு விறைத்துக் கிடந்தன. ஒன்றை டப்பாவில் எடுத்து வந்து வைத்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்த உடம்பு, சில நாளில் பாசிப்பச்சையானது. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. அதைப் பார்த்த பிறகு இந்தப் பூஞ்சாணத்தின்மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்த ஆண்டு அதே குழி, அதே அளவு. புழுக்களோ கொழுத்து நெளிந்தன. வாங்கிய கடையில் போய்ப் பார்த்தேன். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைகளின்மேல் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. மீதியிருந்த தூளை, அரைவேக்காடாக அவித்து ஆறவைத்த அரிசியில் தூவிக் கட்டிவைத்தேன். உயிர் இருந்தால் பூஞ்சாணம் அதில் பச்சையாக வளர வேண்டும்; பத்து நாளாகியும் பச்சை பிடிக்கவில்லை.

தூளில் உள்ள வித்துகள் புழுவின் தோலில் முளைத்து உள்ளே இறங்கினால்தான் புழு சாகும். சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அந்த முளைப்புத்திறன் போய்விடும். ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளிக்கு எதிராக இதற்கு நெருங்கிய உறவான பூஞ்சாணத்தைத் தயாரித்தவர்கள், வித்துகளின் ஈரத்தை 5 சதவீதம் அளவுக்கு உலர்த்தித்தான் நெடுநாள் தாங்க வைத்தார்கள். ஆய்வகத்தில் தாய் வளர்ப்பை, அதாவது பெருக்குவதற்கான மூலப் பூஞ்சாணத்தை, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பதும் உண்டு. ஆய்வகத் தட்டுகளில் மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் புழுவைக் கொல்லும் வீரியம் குறைந்துவிடும் என்பதே காரணம். அவ்வளவு பக்குவமாகக் காத்ததைக் கடைசியில் கடைக்காரர் வெயிலில் வேகவைக்கிறார்.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி வாங்கினால் ஐஸ் போட்டுத்தான் தருகிறார்கள். பூஞ்சாணத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். இதை விற்கும் கடைகளில் குளிர்பெட்டி கட்டாயமாக வேண்டும். அலமாரியில் இருப்பதை வேளாண் துறை எடுத்து, முளைக்கிறதா என்று சோதிக்க வேண்டும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கேரளத்துப் பெண்கள் குழுக்களுக்கு அரிசியில் இதை வளர்க்கக் கற்றுத் தந்திருக்கிறது. நம் ஊர்களிலும் தரமான தாய் வளர்ப்பைத் தந்து கற்றுக்கொடுத்தால், புதிதாகவே போட்டுவிடுவோம்.

ஆவணியில் அடுத்த எருக்குழி நிரப்புகிறேன். அதற்குள் ஏதாவது நடக்கட்டும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
பொள்ளாச்சி வட்டாரம்