மூன்றாம் நாள் தீர்ந்த பாட்டில்

திருச்சி,
ஐப்பசி 20

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சம்பா நடவு முடிந்ததையும், அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக நடந்ததையும் படித்து மனம் நிறைந்தது. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அன்று இரவுதான் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது.

இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். போன மாதம் பையனுக்குத் தொண்டை வலி வந்தது, மருந்துக்கடையில் சொல்லி மூன்று மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது என்று. சின்னவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் இந்தக் கடிதம் நீளும். பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை மாலைவரை தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள், இரவு எட்டு மணிக்குத் தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்றாள். ஒருமுறை வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தோம். விடிந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. 102 டிகிரி. தொண்டையைக் காட்டி அழுதாள். ஏழு வயதுக் குழந்தைக்குத் தன் எச்சிலை விழுங்குவதுகூட எவ்வளவு பெரிய வேலையாகிவிடும் என்பதை அன்றுதான் பார்த்தேன். விழுங்குவதற்கு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இரண்டு தோளும் காதுவரை ஏறும். கை என் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். விழுங்கி முடித்ததும் மெதுவாகத் தோள் இறங்கும். அடுத்த எச்சில் ஊறும்வரைதான் அந்த நிம்மதி. மதியத்துக்குள் பேச்சை நிறுத்திவிட்டாள். சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 'தண்ணி வேண்டாம்' என்று எழுதிக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தை மருத்துவரிடம் கொண்டு போனோம். ஒரு நாள் தாமதித்தது என் தவறு. திங்கட்கிழமையே போயிருக்க வேண்டும். மருத்துவர் வயதானவர், அவசரப்படாதவர். முதலில் அவர் கேட்டது இருமல் இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்பதைத்தான். இரண்டும் இல்லை என்றோம். கழுத்தைத் தடவிப் பார்த்தார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது, தொட்டதும் துடித்தாள். நாக்கை அழுத்தி விளக்கடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். டான்சில் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன, மேலே தயிர்த் திப்பிபோல வெள்ளைத் திட்டுகள். அண்ணத்தில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. இருமல், சளி, குரல் கம்மல் எல்லாம் கூடவே இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதற்கு ஆண்டிபயாடிக் தேவையே இல்லை, கொடுத்தாலும் பயனில்லை, தானாகவே ஆறிவிடும். பத்துக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும். 5 வயதிலிருந்து 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு அது அதிகம். சளியில்லாமல், திடீரென்று காய்ச்சலோடும் தலைவலி வயிற்றுவலியோடும் வந்து, கழுத்தில் நெறி கட்டினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். பார்வையால் மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்று, நீளமான பஞ்சுக் குச்சியால் தொண்டையில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார். தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்தார். ஐந்து வயதில் போடும் ஊசி போட்டிருந்ததால், டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் பயம் இல்லை என்றார். பையனுடைய அட்டையை நீயும் ஒருமுறை எடுத்துப் பார்.

எடை போட்டுக் கணக்குப் பார்த்து, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் மருந்து எழுதினார். காலையும் இரவும், பத்து நாள். "பத்து நாள்" என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் எனக்கு அக்கா நினைவு வந்துவிட்டது. உனக்கும் இந்நேரம் வந்திருக்கும்.

1988-இல் அக்காவுக்கு 12 வயது. நாம் நான்காம் வகுப்பு. அக்காவுக்குத் தொண்டை வலி வந்ததும், அம்மா கழுத்தில் சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் பற்றுப் போட்டதும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நான்கு நாளில் வலி போய்விட்டது, பள்ளிக்கூடம் போனாள். மூன்று வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் இடது கணுக்கால், அதன் பிறகு மணிக்கட்டு. வளர்கிற வயதில் வரும் வலி என்று ஒருவர், வாதம் என்று ஒருவர். யாரும் அதைத் தொண்டை வலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வு பழுதாகியிருக்கிறது என்றார்கள்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். 21 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி. பெரிய வகுப்புக்கு வந்த பிறகு உன் அப்பாவின் ராலே சைக்கிளில் நாம் இருவரும்தானே மன்னார்குடிக்கு அழைத்துக்கொண்டு போவோம்? போகும்போது கேரியரில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வருவாள். திரும்பும்போது வலியால் உட்கார முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாமும் அவளோடு ஊர்வரை நடப்போம். வாய்க்கால் மதகில் சற்று நின்று, ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ ஒருநாளும் ஏறி மிதிக்கலாம் என்று சொன்னதில்லை. அதை நான் மறக்கவில்லை.

மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமியின் உடலில் உள்ள ஒரு புரதமும் நம் இதயத் தசையில் உள்ள புரதமும் ஒன்றுபோல் இருக்குமாம். கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த இதயத்தையும் மூட்டையும் அடித்துவிடுகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்குத்தான். ஆனால் எந்தக் குழந்தைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிருமியை அடியோடு அழித்துவிட்டால் அந்தச் சண்டையே தொடங்காது, அதற்குத்தான் பத்து நாள். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்துவிட்டால் இதயத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். ஒரு நாள் தாமதித்த குற்ற உணர்வோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னொன்றும் சொன்னார்: பென்சிலின் வந்து இத்தனை காலம் ஆகியும் இந்தக் கிருமி அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. கடைகளில் மூன்று மாத்திரையாகக் கொடுக்கும், நீ வாங்கியதாகவும் இருக்கக்கூடிய அசித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாடிக்குகளை எதிர்த்து நிற்கப் பல இடங்களில் கற்றுக்கொண்டுவிட்டது.

முதல் இரண்டு நாள் சாப்பாடுதான் பெரும்பாடு. அம்மா பாலில் மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டுச் சூடாகக் கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்ததும் மிளகு பட்டுக் குழந்தை வீறிட்டாள். குளிர்ச்சியாகக் கொடுங்கள், ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுங்கள், வலி மரத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தொண்டை வலிக்கு ஐஸ்கிரீமா என்று அம்மா திகைத்துப்போனாள். நான் வாதாடவில்லை. குழந்தையே வழி காட்டினாள். ஆறின நொய்க்கஞ்சியில் குளிர்ந்த பாலை ஊற்றிக் கொடுத்தபோது ஐந்து கரண்டி இறங்கியது. அதைப் பார்த்த பிறகு அம்மாவே கஞ்சியைக் கிண்ணத்தோடு தண்ணீரில் வைத்து ஆற்ற ஆரம்பித்துவிட்டாள். ரசம், புளிப்பு, காரம், முறுக்கு எதுவும் அந்த நாட்களில் ஆகாது. எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன உபாயம். காய்ச்சலுக்கான பாரசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தோம். வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் ஊட்டினால் இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தண்ணீரைத் தம்ளரில் நீட்டாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கரண்டி. சிறுநீர் எத்தனை முறை போகிறாள் என்று என் மனைவி கணக்கு வைத்திருந்தாள். எச்சிலையும் விழுங்க முடியாமல் வாயில் வழிந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொல்லியிருந்தார். நல்லவேளை, அந்த நிலை வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தோசை வேண்டும்" என்று வாய் திறந்து கேட்டாள். அந்தக் கரகரத்த குரல் வீட்டில் எல்லோருக்கும் திருவிழா. மாலையில் காய்ச்சல் துளியும் இல்லை. அன்று இரவு மருந்து ஊற்றும்போது பாட்டில் தீர்ந்தது.

இந்த இடத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அந்த மருந்து பொடியாக வரும், காய்ச்சி ஆற்றிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்கிக் கலக்க வேண்டும். அவள் எடைக்கு ஒரு பாட்டில் மூன்று நாள்தான் வரும். பத்து நாளுக்கு நான்கு பாட்டில் வேண்டும். ஆனால் நாங்கள் வாங்கிய கடையில், "ஒன்று போதும், சரியாகவில்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்றே ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். குழந்தை தேறியதும் பாட்டில் தீர்ந்ததும் ஒரே நாள். வெளியே நல்ல மழை. காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் தெரிந்த எனக்கே, இனி எதற்கு என்ற எண்ணம் ஒரு கணம் வந்துபோனது. குழந்தை சிரித்து விளையாடும்போது மருந்து அநாவசியமாகத் தெரிகிறது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். காலி பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அவளுக்கும் நாலாம் நாள் சரியாகத்தான் போயிற்று" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருடத்துக்கு மேலாக அம்மா இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய் மூன்று பாட்டிலையும் வாங்கி வந்தேன்.

மறுநாள் சோதனை முடிவும் வந்தது, அதே கிருமிதான். பழைய பல் துலக்கியை எறிந்துவிட்டுப் புதியது கொடுத்தோம். மருந்து ஆரம்பித்து ஒரு நாள் கடந்து, காய்ச்சலும் நின்றுவிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றும் பயம் இல்லை என்பதால் திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பினோம். தண்ணீர் பாட்டிலை யாரோடும் பங்கிட்டுக் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கேட்டாளா தெரியாது.

இனி உன் பையன் விஷயம். அவன் வழக்கம்போல ஓடியாடுகிறான் என்றால் வீணாகப் பயப்படாதே, அவனுக்கு வந்தது சாதாரண வைரஸாகவே இருந்திருக்கலாம். ஆனால் மூட்டு ஏதாவது வீங்கியதா, வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறதா, ஓடினால் மூச்சு வாங்குகிறதா, கை கால் தானாக வெட்டி இழுக்கிறதா என்று மட்டும் கவனி. ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டு. அடுத்த முறை தொண்டை வலி வந்தால் கடைக்காரரிடம் கேட்காதே. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வேண்டும் என்றால் சொன்ன நாள் முழுவதும் கொடு. உன்னிடம் உரிமையோடு சொல்ல எனக்கு இருக்கும் ஒரே காரணம் அந்த மன்னார்குடிச் சாலைதான்.

பத்தாம் நாளன்று அக்கா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். தினமும் இரவு போன் செய்து, மருந்து கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசி நாள் தானே ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டாள். 2004-இல் வால்வு மாற்றியதிலிருந்து அவளுக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்று போகிறது. திடமாகத்தான் இருக்கிறாள். கடைசி மூடி மருந்தைக் குடித்துவிட்டுச் சின்னவள் அத்தையின் மடியில் ஏறி, மார்பில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்த உலோக வால்வு அமைதியான நேரத்தில் டிக் டிக் என்று வெளியே கேட்கும். குழந்தை அதை எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். அவள் எழுந்துவிடக் கூடாது என்று அக்கா வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அந்த ராலே சைக்கிள் இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பாவுக்கு என் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்கிறாரா என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்