கோயா மலையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அம்மாவை ஜப்பானின் பௌத்தக் கோயில் மலையான கோயாசானுக்கு அழைத்துப் போய்வந்து ஒரு மாதமாகிறது. கிளம்பும்போது குனிந்து குனிந்து சொன்ன 'அரிகாதோ' எனக்குப் போதவில்லை. இதைப் படித்து உங்களுக்கு ஜப்பானிய மொழியில் சொல்வதாக ஒசாகா தோழி ஏற்றிருக்கிறாள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி அவளுக்குத்தான். சுத்த சைவக்காரர்களுக்கு ஜப்பானில் பெரிய தொல்லை, கண்ணுக்குத் தெரியாமல் சூப்பில் கலந்திருக்கும் மீன் சாறு. "கோயில் விடுதியில் தங்குங்கள், அங்கே துறவிகள் சாப்பாடுதான்" என்று அவளே போன் செய்து இடம் பிடித்தாள். கடற்பாசியிலும் காளானிலும் எடுத்த சாறு. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளை அரைத்துக் கிண்டிய கோமா தோஃபுவை வாயில் போட்டதும் அம்மா, "எள்ளுருண்டைய யாரோ அல்வாவாக்கிட்டாங்கடி" என்றாள்.

அடுத்து, கேபிள் கார் நிலையத்து ஊழியர். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து வந்த ரயிலில் அம்மாவின் மாத்திரைப் பையை விட்டுவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கீழே போன் போட்டார், அடுத்த வண்டியில் பை ஏறி வந்தது. இரண்டு கையாலும் ஏந்தி, பிரசாதம் தருவதுபோல நீட்டினார்.

விடுதியின் இளந்துறவிக்கு எப்படி நன்றி சொல்வது? தரையில் மெத்தை விரித்தால் அம்மாவின் மூட்டு எழ விடாது. நான் சொல்லவே இல்லை. இரவு வந்து பார்த்தால் மூன்று மெத்தைகளை அடுக்கி, பக்கத்தில் ஊன்றி எழ ஒரு முக்காலியும் வைத்திருந்தீர்கள். காலையில் அஜிகான் தியானத்துக்கும் அதே முக்காலி. எதிரே தாமரை மேல் நிலவு வட்டம், அதற்குள் சித்தம் லிபியில் 'அ'. நம் நாட்டிலிருந்து சீனா வழியாகப் போன எழுத்து அது. வடிவம் புரியாவிட்டாலும், நீங்கள் "ஆ..." என்று மூச்சை இழுத்துவிட்டதும் அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அரிசியில் என் விரலைப் பிடித்து எழுத வைத்தவள் அல்லவா!

நீங்கள் சொன்ன கதையைத்தான் அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாள். 816-இல் இந்த மலையைப் பெற்று மடம் அமைத்த துறவி கூகாயைப் பார்க்க அவருடைய தாய் வந்தாராம். பெண்கள் ஏறக்கூடாது என்பதால் அடிவாரத்து ஜிசோன்-இன் கோயிலிலேயே தங்கிவிட்டார். மகன் மாதம் ஒன்பது முறை சுமார் 20 கிலோமீட்டர் இறங்கி வந்து பார்ப்பாராம். 'ஒன்பது முறை மலை' என்று பொருள்படும் குதோயாமா என்ற அந்த அடிவார ஊர்ப்பெயருக்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். 1872-இல்தான் அரசு அந்தத் தடையை நீக்கியது. பெண்கள் நின்று கும்பிட்ட ஏழு மண்டபங்களில் மிஞ்சியது ஒன்றே. பஸ் அதைக் கடந்தபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக, கூகாயின் சமாதி இருக்கும் கல்லறைக் காடான ஒகுனோ-இன் வாசலில் பார்த்த பாட்டி. முழுப் பாதை இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் வானளாவிய செடார் மரங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். அம்மா அசந்துபோய் நின்றாள். நீங்கள் உங்கள் கைத்தடியை அவள் கையில் திணித்துவிட்டு, பாதி தூரம் குறையும் நகனோஹாஷி வழியைக் காட்டினீர்கள். திரும்பும்போது பஸ் நிறுத்தத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிச் சைகை வேறு. 835-இலிருந்து கூகாய் தியானத்தில் இருப்பதாக நம்பும் அந்தச் சமாதிக்கு முன்னால், விளக்கு மண்டபத்தின் எண்ணெய் வாசனையில், அம்மா அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள்.

தடியைச் சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டோம். கைப்பிடியில் ஒரு மஞ்சள் கைக்குட்டை கட்டியிருக்கும் பாருங்கள், பாட்டி. மறந்து விட்டது இல்லை. அம்மா உங்களுக்கென்று கட்டியது.