எந்தக் கட்டணம் சரி?

ஆசிரியருக்கு,

மகளின் சேர்க்கைக்காக எங்கள் மாவட்டக் கல்லூரி ஒன்றின் இணையதளத்தைப் பார்த்தேன். கட்டண விவரம் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் வேறு வேறு தொகை, எதிலும் தேதி இல்லை. ‘புதியது’ என்று கண்சிமிட்டிய அறிவிப்பைத் திறந்தால் 2021ஆம் ஆண்டுத் தேர்வு அட்டவணை! சரி, நேரிலேயே கேட்போம் என்று அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினேன். அலுவலகத்தில், “அதையெல்லாம் பாக்காதீங்க அண்ணாச்சி, நோட்டீஸ் போர்டுல இருக்கதுதான் சரி” என்றார்கள்.

விசாரித்ததில், ஓர் ஆசிரியர் பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் தளத்தைக் கவனிக்கிறாராம். துறைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ஏற்றுகிறார். பழையதை எடுக்க யாரும் சொல்வதில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் துறைக்கு ஒருவர் எழுதவும், சரிபார்த்து வெளியிடும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கவும் வழி உண்டு. கட்டணத்துக்கு ஒரே பக்கம், ஆண்டுதோறும் அதையே திருத்தினால் போதும்.

அப்புறம், கணினியில் அடித்த சுற்றறிக்கையை அச்செடுத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக ஏற்றுவது என்ன வழக்கமோ! தேடினால் கிடைக்காது, பார்வையற்ற மாணவர்களின் திரைவாசிப்பு மென்பொருளும் படிக்காது. பார்வையற்றோர் பள்ளி நூறாண்டைத் தாண்டி நடக்கும் பாளையங்கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, அரசுக் கல்லூரி போன்ற பொது அமைப்புகள் கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அடுத்த சேர்க்கைக்குள் தேதியையாவது போடுங்கள்.

– ஒரு தகப்பன், அம்பாசமுத்திரம்